சின்ன மாற்றம்தானே என்று யார் முடிவு செய்வது?

சனிக்கிழமை பிற்பகலில் காக்கி புக்கிட் வாகனப் பட்டறைகளில் ரிம் மாற்றும் வேலை மும்முரமாக நடக்கும். காரைத் தூக்கி நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் கழற்றி, கம்பெனி ரிம்மை ஓரமாகச் சாய்த்து வைப்பார்கள். புது ரிம்மில் டயரை ஏற்றிக் காற்றடித்து, ஈயத்துண்டு ஒட்டிச் சமன் பார்த்து மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. பணத்தைக் கட்டிச் சாவியை வாங்கும் நேரத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: “இத இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லணுமா?” பட்டறைக்காரரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “எல்லாரும் சொல்லிட்டா மாத்துறாங்க?”

என் பதில் வேறு. சொல்ல வேண்டும். ரிம் மாற்றினாலும், தாழ்வான ஸ்பிரிங் போட்டாலும், எக்ஸாஸ்ட் மாற்றினாலும், பின்னால் ஸ்பாய்லர் வைத்தாலும் சொல்ல வேண்டும், அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். கூடவே, எதைச் சொல்ல வேண்டும் என்று கார்க்காரரையே ஊகிக்கவிடும் இன்றைய ஏற்பாடு நியாயமில்லாதது, அது மாற வேண்டும் என்பதும் என் கருத்து. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். முதலாவதை மட்டும் சொன்னால் காப்புறுதி நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும். இரண்டாவதை மட்டும் சொன்னால், அதை நம்பி வாயை மூடிக்கொண்டிருப்பவர் நாளைக்கு நடுத்தெருவில் நிற்பார்.

சிங்கப்பூரில் கார் எவ்வளவு பெரிய பொருள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கேள்வியைப் பேச முடியாது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் 106,000 வெள்ளியைத் தொட்டது. பெரிய கார்களுக்கு 150,001 வெள்ளி. பத்தாண்டு ஓட்டுவதற்கான உரிமைக்கு மட்டும் இந்த விலை, காருக்குத் தனி. புதுக் கார் வந்ததும் சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூசை போடுகிறோம் என்றால் காரணம் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்தபடியாக வாங்கும் பெரிய பொருள் அதுதான். காரின் விலையில் 60 அல்லது 70 விழுக்காடு வரை கடன் கிடைக்கும், ஏழாண்டு வரை தவணை கட்டலாம். மூன்றாம் ஆண்டில் பிஐஇ விரைவுச்சாலையில் கார் அப்பளமாக நொறுங்கிப்போகிறது என்று வையுங்கள். “நீங்கள் சொல்லாமல் மறைத்த விவரம் இருக்கிறது, பணம் தர முடியாது” என்று காப்புறுதி நிறுவனம் கைவிரித்தால் கார் போய்விடும், சிஓஇ-யின் மிச்சம் கொஞ்சம் திரும்பி வரும், தவணை மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். சில நூறு வெள்ளி சந்தா கூடிவிடுமோ என்ற பயம் ஒரு தட்டில், இவ்வளவும் இன்னொரு தட்டில்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். காப்புறுதி விண்ணப்பப் படிவத்தில் ஓர் எச்சரிக்கை எடுப்பாகத் தெரியும்படி அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்க் காப்புறுதிச் சட்டத்தின் விதி. விண்ணப்பிப்பவர் தமக்குத் தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய விவரங்களை முழுமையாகவும் உண்மையாகவும் தராவிட்டால் காப்புறுதியிலிருந்து அவருக்கு எதுவுமே கிடைக்காமல் போகலாம் என்பது அந்த எச்சரிக்கையின் சாரம். ‘எதுவுமே’ என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. ரிம்முக்கான பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முக்கியமான விவரம் மறைக்கப்பட்டது என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால், அந்தக் காப்புறுதி தொடக்கத்திலிருந்தே இல்லாததாக ஆகிவிடும். கட்டிய சந்தா திரும்ப வரலாம், அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

எது முக்கியமான விவரம்? இங்கேதான் சிக்கல். 1906-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கடல்சார் காப்புறுதிச் சட்டம் இன்னும் சிங்கப்பூரில் செல்லும். கப்பலுக்காக எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் கோட்பாடு காருக்கும் பொருந்தும் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற விஷயம். சந்தாவை நிர்ணயிப்பதிலோ, அந்த ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதிலோ, விவேகமுள்ள ஒரு காப்புறுதிக்காரரின் கணிப்பைப் பாதிக்கக்கூடிய எதுவும் முக்கியமான விவரம்தான். அளவுகோல் காப்புறுதிக்காரருடையது என்பதைக் கவனியுங்கள். ‘இது சின்ன விஷயம்’ என்று கார்க்காரர் மனதார நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கைக்கு வழக்கில் மதிப்பு மிகக் குறைவு.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன்” என்பவர்கள் இரண்டு பழைய வழக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் பிரிட்டனில் மோட்டார் வாகனங்கள் புதிதாகப் பெருகிக்கொண்டிருந்த காலத்தவை.

முதலாவது கிளாஸ்கோவைச் சேர்ந்த டாசன்ஸ் நிறுவனத்தின் லாரி வழக்கு. லாரியை எங்கே நிறுத்தி வைப்பீர்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி. நிறுத்துவது ஊருக்கு வெளியே. கவனக்குறைவாக எழுதப்பட்டதோ நகருக்குள் இருந்த அலுவலக முகவரி. லாரி தீயில் போனது. முகவரி தவறியதால் சந்தாவில் எந்த வித்தியாசமும் வந்திருக்காது என்றே வைத்துக்கொண்டாலும் பணம் தர வேண்டியதில்லை என்று 1922-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. விண்ணப்பத்தில் சொன்னவையே ஒப்பந்தத்துக்கு அடிப்படை என்ற ஒரு வாசகம்தான் காரணம். உங்கள் படிவத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, அப்படியொரு வாசகம் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, 1929-இல் முடிந்த நியூஸ்ஹோம் சகோதரர்கள் வழக்கு. பேருந்து ஒன்றுக்குக் காப்புறுதி எடுத்தார்கள். முகவர் கேட்டார், இவர்கள் உண்மையைச் சொன்னார்கள். படிவத்தை நிரப்பிய முகவர் அதைத் தப்பாக எழுதிவிட்டார், இவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். படிவத்தை நிரப்பிய அந்த வேலையில் முகவர் விண்ணப்பதாரரின் ஆளாகவே செயல்பட்டார், அவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரிந்ததாகாது என்றது நீதிமன்றம். நிறுவனம் தப்பித்தது. “ஏஜெண்ட்கிட்ட வாயாலே சொல்லிட்டேனே, அவர் பாத்துக்கிறேன்னாரே” என்று நம்பியிருப்பவர்கள் நம்மிடையே அதிகம். முகவர் நல்லவராகவே இருக்கலாம், சொந்தக்காரராகவும் இருக்கலாம். அவர் தட்டச்சு செய்த படிவத்தில் என்ன இருக்கிறது என்பதே நாளைக்குப் பேசும்.

விபத்துக்குப் பிறகு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்பது இன்னொரு நினைப்பு. 2008-இலிருந்து, எவ்வளவு சிறிய விபத்தானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற நடைமுறை இங்கே இருக்கிறது. அடிபட்ட கதவை மட்டும் படம் எடுத்துவிட்டு அனுப்பமாட்டார்கள். கார் நான்கு பக்கமும் படமெடுக்கப்படும். இழப்பீட்டுத் தொகை பெரிதானால் மதிப்பீட்டாளர் வருவார். அவர் குனிந்து சக்கரத்தின் அளவைப் படிப்பார், டயரின் ஓரத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்வார், அடியில் எக்ஸாஸ்ட் குழாயில் பொறித்த பெயரைப் பார்ப்பார். வாழ்க்கையில் நூற்றுக்கணக்கான கார்களைப் பார்த்த கண். கம்பெனி ஸ்பிரிங்குக்கும் பிறகு போட்ட ஸ்பிரிங்குக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் போகாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது.

எல்லா மாற்றமும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. காலடியில் போடும் பாயையும் ஸ்டியரிங் உறையையும் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஆபத்தைக் குறைக்கும் விஷயத்தைக் கேட்காதவரை சொல்லத் தேவையில்லை என்று 1906-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. திருட்டு அலாரம் அந்த வகை. டேஷ்கேமைச் சொன்னால் நன்மைதான், சில நிறுவனங்கள் அதற்குச் சந்தாவைக் குறைக்கின்றன. ரிம் விஷயத்தில், திருட்டுப்போகும் வாய்ப்பும் காரின் மதிப்பும் மாறுகின்றன. சொல்லாமல் விட்ட ரிம் சேதமானால், நிறுவனம் காப்புறுதியையே ரத்துசெய்யாவிட்டாலும் கம்பெனி ரிம்முக்கான விலைக்குமேல் எதிர்பார்க்க முடியாது. தாழ்வான ஸ்பிரிங் காரின் பிடிப்பையும் திரும்பும் விதத்தையும் மாற்றிவிடுகிறது. என் கணிப்பில் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது கண்ணுக்கே தெரியாத ஒன்று: எஞ்சின் கணினியை மறுநிரல் செய்து சக்தியைக் கூட்டும் ‘ரீமேப்’. மடிக்கணினியைச் சொருகிச் சிறிது நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். 97 கிலோவாட்டுக்குள் இருக்கிறது என்று சிறிய கார் வகையில் சிஓஇ எடுத்த கார், அதற்குப் பிறகு அதே காரா? அதை ‘மைனர் மாடிஃபிகேஷன்’ என்று சொல்லிக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

சொன்னால் போதும், சட்டவிரோதமானதும் சரியாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி இல்லாமலே செய்யலாம், அனுமதி பெற்றுச் செய்யலாம், செய்யவே கூடாது. முன் கண்ணாடியும் முன்பக்க ஜன்னல்களும் 70 விழுக்காடு வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும், பின்பக்கத்துக்கு 25 விழுக்காடு. ஜொகூர் பாருவில் மலிவாக இருக்கிறது என்று வார இறுதியில் போய்க் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொண்டு வருபவர்கள் இந்த எண்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கடையில் சொல்லும் விழுக்காடு ஃபிலிமுக்கு மட்டுமானது. கண்ணாடியோடு சேர்ந்து எவ்வளவு என்பதே இங்கே கணக்கு. தடைசெய்யப்பட்ட மாற்றம் காரில் இருந்தால் காப்புறுதிக்காரருக்கு மின்னஞ்சல் எழுதி உட்கார்ந்திருக்காதீர்கள், அதைக் கழற்றுங்கள். ஆணையத்தின் அனுமதி ஒன்று, காப்புறுதிக்காரரின் சம்மதம் இன்னொன்று என்பதையும் மறக்க வேண்டாம். எக்ஸாஸ்ட்டுக்கு அனுமதிக் கடிதம் வைத்திருப்பவர் அதனாலேயே காப்புறுதிக்காரரிடம் சொல்லிவிட்டவராக மாட்டார்.

மாற்றம் என்றாலே இளைஞர்களின் வேக மோகம் என்று பார்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை. முட்டி வலிக்கும் அம்மா ஏறி இறங்கச் சுழலும் இருக்கை பொருத்தியவர் இருக்கிறார். கால் செயலிழந்தவர் ஓட்டக் கையால் இயக்கும் பிரேக் இருக்கிறது. அதிகாலையில் தேக்காவுக்கு வரும் வேன்களைப் பாருங்கள்; காய்கறிக் கூடைகளும் பூப்பெட்டிகளும் சரியாமல் இருக்க உள்ளே இரும்புத் தட்டுகள் அடித்திருப்பார்கள். பிழைப்புக்கும் குடும்பத்துக்கும் செய்கிற மாற்றங்கள் இவை. இவர்களில் ஒருவர் ஒரு வரி எழுதாததால் எல்லாவற்றையும் இழப்பது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்றே சொல்வேன். அதனால்தான் இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். அதற்கு இந்தக் கோட்பாடு பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரில் நேராக நடந்து சுங்கை ரோட்டைத் தாண்டினால் பென்கூலன் ஸ்ட்ரீட். சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் பெங்குலுவின் ஆங்கிலேயர் காலப் பெயர்தான் பென்கூலன். ராஃபிள்ஸ் அங்கே துணைநிலை ஆளுநராக இருந்துகொண்டுதான் 1819-இல் சிங்கப்பூருக்கு வந்தார். காப்புறுதியில் ‘எதையும் மறைக்கக்கூடாது’ என்ற கோட்பாட்டுக்கு மூலமாக உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கும் அதே பென்கூலனில் பிறந்ததுதான்.

அங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ என்றொரு கோட்டை. ஆளுநர் பெயர் கார்ட்டர். ஐரோப்பிய எதிரி எவராவது கோட்டையைப் பிடித்துவிட்டால் தமக்கு நேரும் நட்டத்துக்காக, 1759 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கு லண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைப் பிடித்தார்கள். காப்புறுதி கொடுத்த போஹம் பணம் தர மறுத்தார். கோட்டை பலவீனமானது, உள்ளூர்க்காரர்களைத் தடுக்க மட்டுமே கட்டப்பட்டது, பிரெஞ்சுக்காரர்கள் வரக்கூடும் என்பதும் ஆளுநருக்குத் தெரியும், இதையெல்லாம் மறைத்துவிட்டார் என்பது அவர் வாதம். 1766-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பெழுதினார். தனக்கு மட்டும் தெரிந்ததை மறைத்து மற்றவரை ஒப்பந்தத்துக்குள் இழுப்பது நல்லெண்ணத்துக்கு விரோதம் என்றார். அந்தக் கருத்துதான் இன்றைக்கு நம் படிவங்களில் எச்சரிக்கையாக நிற்கிறது.

ஆனால் அந்த வழக்கில் வென்றது யார்? கார்ட்டர். காப்புறுதி எடுத்தவர்தான் வென்றார், காப்புறுதிக்காரர் தோற்றார். நல்லெண்ணம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பது தீர்ப்பின் மறுபாதி. பேரம் பேசும்போது ஆபத்து இருக்கிறது என்பது போஹமுக்குத் தெரிந்திருந்தது, மேற்கொண்டு தெரிந்துகொள்ள வழியும் இருந்தது. விவரம் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாம். கேள்வி கேட்காமல் சந்தாவை வாங்கிப் போட்டுக்கொண்டு, நட்டம் வந்தபிறகு ‘நீ சொல்லவில்லையே’ என்று கேட்பதை மான்ஸ்ஃபீல்டு ஏற்கவில்லை. பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் மறுபாதி தேய்ந்துபோய், அந்த லாரி வழக்குவரை வந்துவிட்டது.

பிரிட்டன் தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. 2012-இல் நுகர்வோர் காப்புறுதிக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்து 2013 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. அங்கே இப்போது சாதாரண வாடிக்கையாளர் தானாக ஊகித்து எதையும் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனம் கேட்க வேண்டும், வாடிக்கையாளர் கவனமாக உண்மையான பதில் தர வேண்டும். கவனக்குறைவால் தவறு நேர்ந்தாலும் பொதுவாக முழுவதும் பறிபோகாது. உண்மையைச் சொல்லியிருந்தால் 1,500 பவுண்டு சந்தா கட்டியிருக்க வேண்டியவர் 1,200 கட்டியிருந்தால் இழப்பீட்டில் 80 விழுக்காடு கிடைக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவும் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தில் இதே திசையில் போனது. ஆஸ்திரேலியா 2021-இல் மாறியது. சிங்கப்பூரில் 2020-இல் சட்டக் கழகத்தின் சட்டச் சீர்திருத்தக் குழு காப்புறுதிச் சட்டத்தைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. அதைத் தூசு தட்டி எடுக்க வேண்டும். காஸ்வேயைக் கடந்தால் கிடைக்கும் பாதுகாப்பு இங்கே கிடைக்கவில்லை என்பது இந்த ஊருக்குப் பொருந்தாத நிலைமை.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமலே நிறுவனங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கைப்பேசியில் காப்புறுதி எடுக்கும்போது, ‘வாகனத்தில் மாற்றம் செய்யப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை’ என்ற ஒற்றைக் கேள்வி கடைசியில் வந்து நிற்கும் படிவங்கள் இருக்கின்றன. பெருவிரல் தானாக ‘இல்லை’யை அழுத்திவிடுகிறது. அந்தக் கேள்வியில் ரிம் அடங்குமா, கடைக்காரரே விற்கும்போது போட்டுக்கொடுத்த பாடிகிட் அடங்குமா, முந்தைய உரிமையாளர் மாற்றிய ஸ்பிரிங் அடங்குமா? எதுவும் சொல்லப்படுவதில்லை. ஆணையத்தின் பட்டியல் தயாராக இருக்கிறது. ரிம், டயர் அளவு, சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட், எஞ்சின் மறுநிரல், விளக்கு, கண்ணாடி ஃபிலிம், இருக்கை என்று வரிசையாகக் கேட்டு டிக் செய்யச் சொல்வது பெரிய காரியமா? பொதுக் காப்புறுதிச் சங்கம் மனது வைத்தால் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே படிவம் வந்துவிடும். அதைத் தமிழிலும் தர வேண்டும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், ‘உண்மையை மறைத்தால் எதுவும் கிடைக்காது’ என்ற எச்சரிக்கையைத் தனக்குத் தெரியாத மொழியில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் வேன்காரரிடம் முழு நல்லெண்ணத்தை எதிர்பார்ப்பது எந்த வகையில் சேர்த்தி?

அதுவரைக்கும் பாதுகாப்பு நம் கையில். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது எழுதப்படுவது புது ஒப்பந்தம், சொல்ல வேண்டிய கடமையும் புதிதாகப் பிறக்கிறது. முதல் ஆண்டில் ‘இல்லை’ என்று சொன்னவர் இரண்டாம் ஆண்டில் ரிம் மாற்றிவிட்டு மூன்றாம் ஆண்டில் பழைய படிவத்தையே புதுப்பித்தால், அன்றைக்குச் சொன்னது பொய்யாகிவிடுகிறது. ஆண்டின் நடுவில் செய்யும் மாற்றத்தை உடனே தெரிவிக்க வேண்டுமா என்பது ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பொறுத்தது. தெரிவிக்கச் சொல்லும் நிபந்தனை பலவற்றில் உண்டு. பழைய கார் வாங்குபவர், வாங்கும் முன்பே ஒரு பட்டறையில் ஏற்றிக் காட்டி, எது கம்பெனிப் பொருள், எது பிறகு போட்டது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாற்றத்தைத் தெரிவிக்கும் மின்னஞ்சல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. வாகன எண், என்ன மாற்றம், எந்தத் தேதி, எந்தப் பட்டறை, என்ன விலை, ரசீதின் படம், ஆணையத்தின் அனுமதி தேவைப்பட்டிருந்தால் அந்தக் கடிதம், மாற்றிய பிறகு காரின் இரண்டு மூன்று படங்கள். கடைசியில் ஒரு வரி: ‘இதை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் உறுதிசெய்யவும்’. இதை நிறுவனத்தின் முகவரிக்கே அனுப்பி, முகவருக்குப் பிரதி வைத்தால் போதும். “குறித்துக்கொண்டோம், சந்தாவில் மாற்றமில்லை” என்று பதில் வந்தால், அந்தப் பதில் பின்னாளில் காரின் விலைக்குச் சமம். பதிலே வரவில்லையா, மறுபடி எழுதுங்கள். தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்ளாதீர்கள். சந்தாவைக் கூட்டுகிறார்கள் என்றால் எவ்வளவு, எதற்காக என்று கேளுங்கள். ஒரு நிறுவனம் முடியாது என்றால் இன்னொன்று ஏற்கும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக ஐம்பது விழுக்காடு வரை சேர்த்து வைத்த என்சிடி தள்ளுபடியை நிறுவனம் மாறும்போது கூடவே கொண்டுபோகலாம். யாருமே ஏற்காத மாற்றம் என்றால், பழைய ரிம்மும் ஸ்பிரிங்கும் வீட்டில்தானே இருக்கும், திரும்ப மாட்டிவிடலாம். இழப்பீட்டுத் தகராறு முற்றினால் வழக்கறிஞரைத் தேடி ஓடுவதற்கு முன்பு ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு மையத்துக்குப் போகலாம், செலவு மிகக் குறைவு. அங்கே போகும்போதும் முதலில் கேட்கப்படும் கேள்வி, எப்போது சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள் என்பதாகத்தான் இருக்கும்.